தெருவில் நடக்கத் தீர்மானம் கொண்டு வந்தவர்



தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டுமா? கால் இருக்கிறவன் நடக்கிறான், இதற்கெதற்கு சட்டசபை என்று இன்றைய நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். 1924-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை சட்டசபையில் அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று அதைத்தான் கேட்டார். எந்தப் பட்டணத்திலும், எந்தக் கிராமத்திலும், பொதுச் சாலையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடந்து போவதற்கு யாரும் ஆட்சேபம் செய்யக்கூடாது. பொதுக் கிணறு, குளம், சர்க்கார் ஆபீசு, பொதுமக்கள் கூடுகிற இடம் எதுவானாலும் மற்றவர்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே இவர்களும் போகலாம். தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான். கொண்டு வந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

மற்றவர்கள் எப்படியோ அப்படியே என்கிற அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உங்களுக்கென்று தனிக்கிணறு வெட்டித் தருகிறோம், பின்பக்கமாக ஒரு வழி விடுகிறோம் என்று சொல்லிச் சமாதானம் செய்ய அந்தக் காலத்திலும் ஆள் இருந்தார்கள். பெரியவர் கேட்டது தனி வழியை அல்ல. இருக்கிற வழியையே கேட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கே வருவோம்.

சீனிவாசன் 1859-ம் ஆண்டு ஜூலை 7-ம் தேதி செங்கற்பட்டு ஜில்லா, மதுராந்தகம் வட்டாரத்தில் உள்ள கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். இரட்டைமலை என்பது அவருடைய தகப்பனார் பெயர். மலை பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர் உண்டு.

கோயம்புத்தூரில் அவர் படித்த கதையைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். பள்ளியில் ஏறக்குறைய நானூறு பேர். பத்துப் பேர் போக மற்ற எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். ஊர் எது, குடும்பம் எது என்று யாராவது கேட்டுவிட்டால் ஜாதி தெரிந்துவிடும் என்கிற பயம் அவருக்கு. அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பினாலும் பள்ளிக்குள் நுழையமாட்டார். வெளியே எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். விட்டதும் ஓட்டமாக ஓடி வீடு சேர்ந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியவில்லையே என்கிற வருத்தம் வயதான பிறகும் அவருக்குத் தீரவில்லை. 1939-ல் எழுதி வெளியிட்ட தமது வாழ்க்கைச் சுருக்கத்தில் அதை மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடக் கதவு அவருக்குத் திறந்துதான் இருந்தது. பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தது, வாத்தியார் பாடம் சொன்னார். ஆனாலும் அந்தப் பையனுக்கு அந்த இடம் கட்டப்படவில்லை. கதவைத் திறந்து வைப்பது ஒரு காரியம், உள்ளே வருகிறவன் பயமில்லாமல் உட்காரும்படி வைப்பது வேறு காரியம். அவர் பிற்காலத்தில் செய்த அத்தனை வேலைக்கும் இந்த வேற்றுமைதான் வித்து என்பது நம் எண்ணம்.

படிப்பு முடிந்து நீலகிரியில் வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்தார். காப்பியும் தேயிலையும் விளைந்த மலை அது. ஏறிப் போன கூலி ஜனங்கள் யாரென்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1890-ல் சென்னை வந்து, 1891-ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார். அறுபது ரூபாய் முதல், நாலு பக்கம், விலை இரண்டணா. முதலில் மாதப் பத்திரிகை, மூன்று மாதம் போனதும் வாரப் பத்திரிகை. அதற்கு அவர் வைத்த பெயர் பறையன்.

எந்த வார்த்தையைச் சொல்லி ஊரார் தள்ளி வைத்தார்களோ, அதையே தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டுக் கடைவீதியில் விற்கச் சொன்னார். வாங்குகிறவன் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்லித்தானே கேட்க வேண்டும்! இரண்டே நாளில் சென்னையில் நானூறு பிரதி போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஜாதியை மறைத்து உட்கார்ந்திருந்த பையன்தான் இதைச் செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1900 வரை பத்திரிகை நடந்தது.

ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, சீனிவாசன் எதிர்த்து மனுப் போட்டார். 3,412 பேர் கையெழுத்து, மனுவின் நீளம் 112 அடி! பார்லிமெண்டுக்கே அனுப்பினார். பரீட்சை இங்கே நடந்தால் மேல்ஜாதிக்காரர்களே எல்லா உத்தியோகத்திலும் அமர்ந்துகொள்வார்கள் என்பது அவர் வாதம். வெள்ளைக்காரனுக்குச் சாதகமாக நடந்தார் என்று இதற்காக அவரைக் குறை சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். குறை சொல்கிறவர்கள் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தவர்கள் இல்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மனு ஒரு கதவைச் சாத்தச் சொன்ன மனு. 1924-ம் வருஷத் தீர்மானம் கதவைத் திறக்கச் சொன்னது. நமக்குப் பிடித்தது இரண்டாவதுதான். கையெழுத்து வாங்கி அலைந்தவர்களுக்கு 3,412 பேரைத் தேடிப் பிடிப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்பது தெரியும். அதற்காகவாவது கையெடுத்துக் கும்பிடலாம்.

1900-ல் லண்டனுக்குப் போகவேண்டும் என்று கப்பலேறினார். கிழக்கு ஆப்பிரிக்காவோடு நின்றுபோயிற்று பயணம். சான்சிபாரில் வேலை பார்த்தார். அங்கிருந்து தென்னாப்பிரிக்கா போய் நெட்டாலில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் ஆனார். காந்தியார் அங்கே இருந்த காலம் அது. அவருக்குத் தமிழில் கையெழுத்துப் போடப் பழக்கிக் கொடுத்தவர் சீனிவாசன்தான்.

அந்த மொழிபெயர்ப்பாளர் உத்தியோகத்தை வெறும் வயிற்றுப்பாட்டு வேலையாக நினைத்து ஒதுக்கிவிடலாகாது. 1860 நவம்பரில் டுரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. அதற்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாகத் தமிழ் ஜனம் போயிற்று. தோட்டத்தில் அடி வாங்கியவன், கூலி கிடைக்காதவன், ஓடிப்போனான் என்று பிடிபட்டவன் எல்லாரும் கோர்ட்டுக்கு வருவார்கள். நீதிபதி பேசுவது இங்கிலீஷ். நிற்கிறவனுக்குத் தெரிந்தது தமிழ். சட்டம் இவனுக்கும் பொதுவென்று புத்தகத்தில் எழுதியிருக்கும். இடையில் ஒரு ஆள் நின்று இவன் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவனுக்கும் நேர்மையாகச் சொல்லாவிட்டால், அந்தச் சட்டம் ஏணி இல்லாத பரணிலே இருக்கிற சாமான். நம் தோட்டங்களில் கிராணியாரைக் கேட்டு, கங்காணியைக் கேட்டு, துரையிடம் ஒரு வார்த்தை சொல்ல நாள் கணக்கில் நின்ற பாட்டன்மார் கதை நமக்குத் தெரியாததா? நெட்டால் கோர்ட்டில் அந்த ஏணியாக நின்றவர்களில் இவரும் ஒருவர்.

ஊர் திரும்பியபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பேரன் பேத்தியோடு திண்ணையில் உட்காருகிற வயது. 1923-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்த நீதிக்கட்சி ஆட்சி. மறுவருஷமே அந்தத் தீர்மானம், சபையும் நிறைவேற்றியது. அதே வருஷத்தில்தான் திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது; பெரியார் சிறைக்குப் போனார். அங்கே தெருவில் உட்கார்ந்து கேட்டதை இங்கே சபையில் எழுந்து நின்று கேட்டார் சீனிவாசன். இரண்டும் வேண்டியிருந்தது.

தீர்மானம் நிறைவேறிவிட்டது, சரி. மறுநாளே ஊர்க் கிணற்றில் எல்லாரும் நீர் இறைத்தார்களா? அப்படியெல்லாம் இல்லை. தீர்மானத்துக்குப் பல் கிடையாது. தடுத்தவனை என்ன செய்வது என்று அதில் இல்லை. ஊர்ப் பெரியதனக்காரன் கம்போடு நின்றால், காகிதத்தைக் காட்டியா கிணற்றில் இறங்குவது? பஸ் வந்த பிறகு பஸ்ஸிலும் இதே கதை. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்ட பிறகுதான் பஸ் முதலாளிகளுக்குக் காது கேட்டது. லைசென்ஸில் கை வைத்தால் யாருக்கும் புத்தி வரும்.

பல் உள்ள சட்டம் 1938-ல் வந்தது. சட்டசபையில் கொண்டு வந்தவர் எம்.சி. ராஜா. கிணறு, சாலை, வண்டி, உத்தியோகம் எதிலும் ஜாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றும், அப்படிப்பட்ட வழக்கத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்கக்கூடாது என்றும் அது சொன்னது. 1950-ல் வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவில் கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. படிக்கிறபோது 1924-ம் வருஷத்துப் பெரியவர் ஞாபகம் வராமல் இருக்காது.

1938-ம் வருஷச் சட்டத்தின் இங்கிலீஷ் பெயரில் டிஸ்எபிலிட்டிஸ் என்ற வார்த்தை வருகிறது. இன்று கண் தெரியாதவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் போகிறவர் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது சொல்கிற அதே வார்த்தைதான். அன்றைக்கு அது உடம்பில் உள்ள குறையைக் குறிக்கவில்லை. திடகாத்திரமான மனுஷன் ஒருவன்மேல் ஊர் ஏற்றி வைத்த தடையைக் குறித்தது. அந்தத் தடையை எடுக்க ஊரைத்தான் திருத்த வேண்டும், அவனைத் திருத்த வேண்டியதில்லை என்பது சட்டத்தின் கருத்து. மாற்றுத் திறனாளிகள் இயக்கம் பிற்காலத்தில் உலகம் முழுக்கச் சொன்னதும் இதுவே: கால் வராதது பாதி, படி வைத்துக் கட்டினது மீதி.

லண்டன் வட்டமேசை மாநாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம், பலரும் எழுதிய கதை. 1930-லும் 1931-லும் டாக்டர் அம்பேத்காரோடு சீனிவாசனும் போனார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்க, எங்கள் ஆள் தெருவில் விழுந்து கிடந்தால் மேல்ஜாதிக்காரர் தூக்கமாட்டார் என்று விளக்கியிருக்கிறார். மன்னர் அதிர்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வந்து சேர்ந்தன. அம்பேத்கார் 1935-ல் மதம் மாறப் போவதாக அறிவித்தபோது இவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் இந்து மதத்தின் நாலு வருணத்துக்குள்ளேயே இல்லையே, பிறகு வெளியேறுவது எங்கிருந்து என்பது அவர் கட்சி. கூட நின்றவரோடும் மாறுபட்டுப் பேச அவர் தயங்கியதில்லை.

1945-ம் வருஷம் செப்டம்பர் 18-ம் தேதி காலமானார். அதற்கு ஆறு நாள் முன்னால், செப்டம்பர் 12-ம் தேதிதான் சிங்கப்பூரில் ஜப்பான்காரன் சரணடைந்து கையெழுத்துப் போட்டான். சயாம் ரயில் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் ஜனங்களில் உயிர் பிழைத்தவர்கள் திரும்பி வந்த காலம். காலில் புண் புரையோடி, காலையே எடுத்தவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்த இடம் படி ஏறிப் போகிற லயம், மேடும் பள்ளமுமான தோட்டப் பாதை, தூரத்துக் கிணறு. ஜாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்களும் உண்டு. வழி அடைபடுவது இரண்டு விதம். நம் தோட்டங்களில் அந்த இரண்டும் ஒரே வாசலில் நின்றன.

இந்த மார்சிலிங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். லிம் நீ சூன் என்ற சீனத் தொழிலதிபருடையது. சீனாவில் உள்ள தம் பூர்வீக ஊர்ப் பெயரை ஒட்டி அவர் வைத்த பெயர்தான் இன்றைக்கும் வழங்குகிறது. 1970-களில் வீவக அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அந்தக் காலத்து புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் மட்டும் நிற்கும், மற்றவர்கள் ஏறவோ இறங்கவோ வேண்டும். முழங்கால் வலிக்கிற பாட்டிக்கு இரண்டு மாடி என்பது கோபுரம் ஏறுகிற மாதிரி. யாரும் அவரைத் தடுக்கவில்லை, போகாதே என்று கம்போடு யாரும் நிற்கவில்லை. ஆனாலும் வாரக்கணக்கில் வீட்டோடு கிடந்தவர்கள் உண்டு. 2001-ல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, பழைய புளோக்குகளில் மாடிக்கு மாடி நிற்கும்படி செய்தார்கள். 1987-ல் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையங்களில் சக்கர நாற்காலிக்கு வழி இல்லை; பின்னால் இடித்து, தோண்டி, மின்தூக்கி வைத்தார்கள். புதுக் கட்டிடம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி 1990-ல் வந்தது. முதலிலேயே யோசித்திருந்தால் ஆகியிருக்கும் செலவு கொஞ்சம், பிறகு இடித்துக் கட்டியதில் ஆன செலவு கொள்ளை.

ஒரு கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மண்டபம் கட்டும்போதும் கோயில் திருப்பணியின்போதும் உதவும். ஒரு அடி உயரமுள்ள படிக்குச் சரிவுப் பாதை போட்டால் நீளம் பன்னிரண்டு அடிக்குக் குறையக்கூடாது. நாலடி நீளத்தில் செங்குத்தாகச் சிமெண்டைப் பூசிவிட்டு வழி விட்டாயிற்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நாற்காலி ஏறாது, ஏறினாலும் குப்புறக் கவிழ்க்கும். இன்னும் சிலர் சரிவுப் பாதையைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், சாமான் இறக்குகிற பின்வாசலில் வைப்பார்கள். மற்றவர்கள் எப்படியோ அப்படியே என்று பெரியவர் கேட்டாரே, அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் நிலைமையையும் சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 12-வது பிரிவு எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. இனம், சமயம், வம்சம், பிறந்த இடம் பார்க்கக்கூடாது என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. உடல் ஊனம் அந்த வரிசையில் இல்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வேலை விஷயத்தில் அதையும் சேர்த்திருக்கிறது. சின்னக் கம்பெனிகளுக்கு இப்போதைக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்; நம்மவர்களில் எத்தனையோ பேர் வேலை பார்ப்பது சின்னக் கம்பெனியில்தானே.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூர்த் தோட்டங்களில் இருக்கும் தோழர்களுக்கு மலேசியாவின் 2008-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. பொது இடம், பொது வாகனம் இவற்றுக்குப் போய்வரும் உரிமை அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மறுத்தவனுக்குத் தண்டனை எழுதவில்லை. 1924-ம் வருஷத் தீர்மானமும் இப்படித்தான் இருந்தது. அதற்குப் பல் முளைக்கப் பதினாலு வருஷம் பிடித்தது, அதுவும் கேட்டுக்கொண்டே இருந்ததால். வீட்டில் மாற்றுத் திறனாளிப் பிள்ளையோ, விபத்தில் கை கால் போனவரோ இருந்தால், முதல் காரியமாகச் சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டையை வாங்கிவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையை லயத்துக்குள்ளேயே வைத்திருக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பதிவேட்டில் பெயர் இல்லாத ஆளுக்கு யாரும் சரிவுப் பாதை போடமாட்டார்கள்.

சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில், இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜூலை 7-ம் தேதி அரசு சார்பில் மாலை போடுகிறார்கள். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள். வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் கூட்டிப் போங்கள். வாசலில் படி எத்தனை, சரிவு எப்படி என்று பார்த்து வந்து சொல்லுங்கள், இந்தப் பகுதியில் எழுதுகிறோம்.